கன்னடம் புரியுது, பேச வரல: மூன்றாம் மாதத்தில் நிற்பவர்களுக்கு

பெங்களூரில் கன்னடம் கற்கத் தொடங்கும் தமிழர்கள் முதல் மாதத்தில் விடுவதில்லை. பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது மாதத்தில்தான் விடுகிறார்கள். அதற்குள் கடைக்காரர் சொல்வது புரிகிறது, ஆபீஸ் கேன்டீனில் பேசிக்கொள்வது புரிகிறது, கண்டக்டர் எதற்குக் கத்துகிறார் என்பதும் புரிகிறது. வாயைத் திறந்தால் மட்டும் தமிழோ இங்கிலீஷோதான் வருகிறது. எதிரில் இருப்பவரும் சிரித்துக்கொண்டே தமிழுக்கு மாறிவிடுகிறார். வந்த வேலை முடிந்துவிடுகிறது. இப்படி நாலு வாரம் போனால் நோட்டுப் புத்தகம் அலமாரிக்குள் போய்விடும்.

இதற்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று பெயர் வைத்து, உற்சாகம் ஊட்டும் வீடியோக்களைத் தேடுவது வீண். ஆர்வம் இருக்கத்தான் செய்கிறது. இல்லாதது தேவை. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், மர்பி டவுன் பக்கம் தமிழை வைத்துக்கொண்டே ஒரு ஆயுசை ஓட்டிவிடலாம். ஒயிட்ஃபீல்டு, மாரத்தஹள்ளியில் இங்கிலீஷும் கொஞ்சம் இந்தியும் போதும். ஹுப்பள்ளியிலோ தாவணகெரெயிலோ வேலை கிடைத்துப் போகிறவர் சீக்கிரம் பேசிவிடுகிறார் என்றால், அவர் கெட்டிக்காரர் என்பதால் இல்லை. அங்கே வேறு வழி கிடையாது. ஆகவே பெங்களூரில் கற்பவருக்கு முதல் வேலை, வேறு வழியில்லாத சில இடங்களைத் தானே ஏற்படுத்திக்கொள்வது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்று இடம், கன்னடம் மட்டும்

"கன்னடம் கத்துக்கணும்" என்பது இலக்கே ஆகாது. "இனிமேல் காய்கறி வண்டியில் தமிழ் பேசுவதில்லை" என்றால் அது இலக்கு. வாரத்துக்கு நாலு முறையாவது போகும் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே ஆள் இருக்க வேண்டும், பேச்சு ஒரு நிமிஷத்துக்குள் முடிய வேண்டும், தப்பாகப் பேசினால் நஷ்டம் எதுவும் வரக்கூடாது. காய்கறி வண்டி, நந்தினி பால் பூத், தெருமுனை பேக்கரி, தினமும் ஏறும் பஸ் ஆகியவை இதற்குப் பொருந்தும். பேங்க், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் பொருந்தாது. அங்கே போய்த் தடுமாறினால் கன்னடத்தின் மேல் வெறுப்புதான் மிஞ்சும். தர்ஷினி ஓட்டல்கள் (டோக்கன் வாங்கி நின்றபடியே சாப்பிடும் இடங்கள்) நல்ல இடம்தான், ஆனால் காலை எட்டரை மணிக்கு டோக்கன் கவுன்டரில் நின்று வாக்கியம் யோசிக்கக் கூடாது. பின்னால் நிற்பவர்கள் விடமாட்டார்கள். மாலை நாலு மணிக்குப் போங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கிழக்குப் பெங்களூரில் காய்கறி விற்பவர்களில் தமிழோ தெலுங்கோ பேசுகிறவர்கள் அதிகம். அவர்களிடம் கன்னடம் பேசினால் இரண்டாவது வாக்கியத்தில் "வேற என்னம்மா?" என்று தமிழில் கேட்டுவிடுவார்கள். மல்லேஸ்வரம், பசவனகுடி காந்தி பஜார், ராஜாஜிநகர், விஜயநகர் பக்கம் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே வீடு இல்லையென்றால் வாரம் ஒருமுறை சந்தைக்காகப் போய்வரலாம். அபார்ட்மென்ட் செக்யூரிட்டி ராய்ச்சூரோ கலபுரகியோ ஆக இருந்தால் அதிர்ஷ்டம்தான். அவருக்குத் தமிழ் தெரியாது, உங்கள் வசதிக்காக மாறவும் மாட்டார்.

இங்கே கன்னடச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறது. இது தற்காலிக ஊன்றுகோல்தான். ஏன் போதாது என்பது பின்னால் வரும். வண்டிக்காரரிடம் முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும்:

"ஈருள்ளி எஷ்டு?"
"கேஜி நலவத்து."
"அர்த கேஜி கொடி. டொமாட்டோ ஒந்து கேஜி."
"கொத்தம்பரி பேடவா?"
"ஒந்து கட்டு கொடி. கரிபேவு ஹாகி. சாக்கு. ஒட்டு எஷ்டாய்து?"

வெங்காயம், கொத்தமல்லி, கறிவேப்பிலை, அரை, ஒன்று, கொடுங்கள், போடுங்கள், போதும், மொத்தம் எவ்வளவு ஆச்சு. இருபது சொல்கூடக் கிடையாது. இரண்டாவது வாரம் இதே இடத்தில் பேரம் சேருங்கள்: "ஸ்வல்ப கம்மி மாடி." மூன்றாவது வாரம் குறை சொல்லுங்கள்: "நின்னே கொட்டித்து சென்னாகிரலில்ல", அதாவது நேத்துக் கொடுத்தது நன்றாக இல்லை. நாலாவது வாரம் இல்லாததைக் கேளுங்கள்: "ஹீரேகாயி யாவாக பரத்தே?" பீர்க்கங்காய் எப்போது வரும் என்று கேட்டால் மழை, லாரி, மார்க்கெட் என்று அவர் ஒரு கதை சொல்வார். அதில் பாதி புரியாது. பரவாயில்லை, தலையாட்டுங்கள். இடம் மாறாமல் வாக்கியத்தின் வகை மட்டும் மாறுகிறது. புதுப் புது இடங்களில் ஒரே "எஷ்டு" கேட்டுக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அவர் தமிழுக்கு மாறினால் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம்: "கன்னடதல்லே ஹேளி, கலீதா இத்தீனி." கன்னடத்திலேயே சொல்லுங்கள், கற்றுக்கொண்டிருக்கிறேன். மற்ற எதற்கும் முன்னால் இதை மனப்பாடம் செய்யுங்கள். இதைக் கேட்டதும் பெரும்பாலானவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும், அடுத்த நாளிலிருந்து அவர்களே வாத்தியார் ஆகிவிடுவார்கள். மூன்று முறை சொல்லியும் தமிழிலேயே பேசுகிறார் என்றால் அவரோடு மல்லுக்கு நிற்காமல் வண்டியை மாற்றுங்கள். கூடவே வைத்துக்கொள்ள இன்னும் மூன்று: "இன்னொம்மெ ஹேளி" (இன்னொரு தடவை சொல்லுங்கள்), "நிதானவாகி ஹேளி" (மெதுவாக), "இதக்கெ கன்னடதல்லி ஏனந்தாரெ?" (இதைக் கன்னடத்தில் என்ன சொல்வார்கள்). கடைசி வாக்கியம் இருந்தால் அகராதி தேவைப்படாது.

பஸ்ஸில் "சில்க் போர்டிகெ ஹோகத்தா?" என்று கேட்பதும், ஏறியபின் இறங்குமிடம் சொல்வதும் தினப் பயிற்சி. 2023 ஜூனிலிருந்து சக்தி திட்டத்தில் கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்குச் சாதாரண பஸ்களில் காசு இல்லை, ஆனால் இறங்குமிடம் சொல்லிப் பூஜ்ய டிக்கெட் வாங்கியாக வேண்டும். அதனால் அவர்களுக்கும் தினம் ஒரு வாக்கியம் உறுதி. கண்டக்டர் "முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி" என்று விரட்டுவதைக் கேட்டே முன், பின் இரண்டையும் கற்றுவிடலாம்.

விலை காதில் விழும்போது எண்களில்தான் தடுக்கும். ஒன்று முதல் பத்து வரை தமிழ்க் காதுக்குச் சிரமமில்லை. அதற்கு மேல் நலவத்து (40), ஐவத்து (50), அரவத்து (60), எப்பத்து (70), எம்பத்து (80), தொம்பத்து (90). சந்தைச் சத்தத்தில் எப்பத்தும் எம்பத்தும் ஒன்றாகவே கேட்கும். நூற்றுக்கு மேல் ஒம்பைநூரு (900), ஸாவிர (1000) இரண்டும் தமிழோடு ஒட்டாதவை, தனியாகப் பழக வேண்டும். ஒன்றரை கிலோ என்பது "ஒந்தூவரெ கேஜி". டிராஃபிக்கில் நிற்கும்போது முன்னால் நிற்கும் வண்டியின் நான்கு இலக்கங்களை வாய்விட்டுக் கன்னடத்தில் படியுங்கள். சில்க் போர்டு சிக்னலில் ஒரு தடவை மாட்டினால் நாற்பது வண்டியாவது தேறும்.

தமிழால் வரும் லாபமும் நஷ்டமும்

"நாளைக்கு ஆபீஸுக்கு வரமாட்டேன்னு அவருக்குச் சொன்னேன்." இதைக் கன்னடத்தில் "நாளெ ஆபீஸிகெ பரல்ல அந்த அவரிகெ ஹேளிதே" என்பார்கள். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. இந்திக்காரரும் இங்கிலீஷ்காரரும் மாதக்கணக்கில் முட்டிக்கொள்ளும் வாக்கிய அமைப்பு நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. மாற்ற வேண்டியது ஆறே ஒட்டுகள்: "கு" என்பது "கெ", "இல்" என்பது "அல்லி", "இலிருந்து" என்பது "இந்த", "ஐ" என்பது "அன்னு", "உம்" என்பது "ஊ", "னு" என்பது "அந்த", கேள்வி "ஆ" மட்டும் அப்படியே. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இது போதுமான வேலை. "எனக்கு வேணும்" என்று நாம் சொல்வதுபோல் அவர்களும் "நனகெ பேக்கு" என்கிறார்கள், "நான்" என்று ஆரம்பிப்பதில்லை. இலக்கணப் புத்தகத்தில் இந்த அத்தியாயங்களைத் தமிழர்கள் புரட்டிவிட்டுப் போகலாம்.

ஒலி மாற்றங்களும் கைகொடுக்கும். ஹளகன்னடத்தில் (பழங்கன்னடத்தில்) "ப"வாக இருந்த சொல் முதல் ஒலி பிற்காலத்தில் "ஹ" ஆனது: பால் ஹாலு, பூ ஹூ, பத்து ஹத்து, பாம்பு ஹாவு, பழைய ஹளே, புதிய ஹொச, புறம் ஹொர, பாகற்காய் ஹாகலகாயி. "வ" என்பது "ப"வுக்குப் போகும், அதுவும் "அம்பு" என்பதில் வருவதுபோல் தொண்டை அதிரும் ப: வாழை பாளெ, வெல்லம் பெல்ல, வெண்ணெய் பெண்ணெ, விரல் பெரளு. கோடு வரைவதற்கு நாம் வைத்திருக்கும் "வரை"தான் அங்கே எழுதுவதற்கான "பரெ". "ழ" எல்லாம் "ள": மழை மளெ, ஏழு ஏளு. "செவி" கிவி, "சேரி" கேரி.

ஆனால் இந்த விதிகள் காதுக்கு மட்டும்தான், வாய்க்கு இல்லை. கேட்ட சொல்லை அடையாளம் காண இவற்றைப் பயன்படுத்துங்கள். புதுச் சொல் தயாரிக்கப் பயன்படுத்தாதீர்கள். "பெரிய" என்பதை மாற்றினால் கிடைக்கும் "ஹிரிய" மூத்தவர்களைக் குறிக்கும். பெரியதற்குச் சொல் "தொட்ட". "பேசு" என்பதற்கு "ஹேசு" என்று ஊகித்தால் அருவருப்பில் போய் நிற்கும், பேசுவது "மாதாடு". தமிழ்ச் சொல்லின் வாலில் ஒரு "உ" சேர்த்துவிட்டுக் கன்னடம் பேசியதாக நினைப்பதும் இதே வியாதிதான். எதிராளிக்குப் புரிந்துவிடும், அதனால் திருத்த மாட்டார், பத்து வருஷம் ஆனாலும் அது அப்படியே இருக்கும்.

இன்னொரு கண்ணி, ஒரே ஒலியில் வேறு பொருள் தரும் சொற்கள். நம்ம மெட்ரோவில் "முந்தின நில்தாண" என்று அறிவிப்பு வரும். தமிழ்க் காது அதை விட்டுவந்த ஸ்டேஷன் என்று எடுத்துக்கொள்ளும். அவர்கள் சொல்வது அடுத்த ஸ்டேஷனை. "முந்தின வார" என்றால் வரும் வாரம், போன வாரம் "ஹிந்தின வார". ஆபீஸ் மீட்டிங்கில் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டால் விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. "இல்லி" என்றால் இங்கே, "இல்ல" என்றால் இல்லை. "ஆ கடெ" என்றால் அந்தப் பக்கம், கடைக்கு "அங்கடி". "மாடு" என்றால் செய். இப்படி மாட்டும் சொற்களுக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இருபதைத் தாண்டாது, ஆனால் குழப்பங்களில் பெரும்பங்கு அந்த இருபதால்தான்.

மூன்றாம் மாதத் தேக்கம்

கேட்டுப் புரிந்துகொள்வதற்குத் தமிழ் உதவியது. பேசுவதற்கு வினைச்சொல்லின் முடிவு வேண்டும், அதைத் தமிழிலிருந்து எடுக்க முடியாது. அதனால்தான் காது எங்கோ போய்விட, வாய் பின்தங்கிவிடுகிறது. இந்த இடத்தில் இன்னும் ஐந்நூறு சொற்களை மனப்பாடம் செய்வது தப்பான மருந்து. சொல் போதுமான அளவு இருக்கிறது. வினை வடிவம்தான் இல்லை.

பன்னிரண்டு வினைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: போ, வா, செய், கொடு, எடு, சொல், கேள், பார், இரு, தின், படி, உட்கார். ஒவ்வொன்றுக்கும் ஆறு வடிவம். "மாடு" என்பதற்கு மாட்தீனி (செய்வேன்), மாடிதே (செய்தேன்), மாடல்ல (செய்யமாட்டேன்), மாடலில்ல (செய்யவில்லை), மாடி (செய்யுங்கள்), மாடபேக்கு (செய்யணும்). வருவதற்கு பர்த்தீனி, பந்தே, பரல்ல, பரலில்ல, பன்னி, பரபேக்கு. கொடுப்பதற்கு கொட்தீனி, கொட்டே, கொடல்ல, கொடலில்ல, கொடி, கொடபேக்கு. மொத்தம் எழுபத்திரண்டு. இதில் ஒரு சலுகை உண்டு: "மாடல்ல", "மாடலில்ல" இரண்டும் நான், நீங்கள், அவர் எல்லாருக்கும் ஒன்றே. மாட்டேன், மாட்டார், மாட்டாங்க என்று நாம் படும் பாடு அங்கே இல்லை.

ஒரு நாளைக்கு ஒரு வினை. ஆறு வடிவத்துக்கும் அன்றைக்கு உண்மையாக நடந்ததை வைத்து ஆறு வாக்கியம் சொல்லி, போனில் பதிவு செய்து, ஒருமுறை கேளுங்கள். ஐந்து நிமிஷ வேலை. பன்னிரண்டு நாளில் ஒரு சுற்று முடியும். முதல் சுற்று "நானு", இரண்டாவது சுற்று "நீவு" (பர்த்தீரா, பந்த்ரா), மூன்றாவது "அவரு" (பர்தாரெ, பந்த்ரு). அவன், அவள், அது வடிவங்கள் கேட்டுக் கேட்டுத் தானாக வந்துவிடும். எழுதிப் பார்ப்பது இந்தப் பயிற்சிக்கு உதவாது. வாய் பழகுவதற்குத்தான் இது.

மரியாதை வடிவத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரர், வீட்டு வேலை செய்பவர், செக்யூரிட்டி யாராக இருந்தாலும் "நீவு", "பன்னி", "கொடி", "ஹேளி". தமிழில் "வாங்க" என்று சொல்கிறவர்கள்கூடக் கன்னடத்தில் "பா" என்று சொல்லிவிடுகிறார்கள், அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வயதானவரிடம் "பா" என்றால் அவர் முகம் சுருங்குவது நியாயம்தான். "பன்னி" என்று ஒருவரைக் கூப்பிட முதல் வாரம் தமிழ் வாய் கூசும். அதிரும் ப-வில் சொல்லிப் பழகினால் சரியாகிவிடும். "குரு", "மகா" என்று இளைஞர்கள் கூப்பிட்டுக்கொள்வதைப் பார்த்து உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம், அது நட்பு ஏற்பட்டபின் வர வேண்டியது.

எழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

பேசினால் போதும், எழுத்து எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தமிழருக்கு மட்டும் அந்த வாதம் பொருந்தாது. நம் எழுத்தில் ஒரே "க", ஒரே "ப", ஒரே "த". "கொடு" (கொடு) என்பதில் காக்காவின் முதல் க; "கொத்து" (தெரியும்) என்பதில் தங்கத்தின் க. "பல்ய" (பொரியல்) என்பதில் பல்லின் ப. "பேட" (வேண்டாம்), "பேக்கு" என்பவற்றில் அம்பின் ப. "தொட்ட" என்பதில் பந்தின் த. தமிழ் எழுத்து வழியாகக் கற்பிக்கும் முப்பது நாள் புத்தகங்களில் இவை ஒன்றாகவே அச்சாகியிருக்கும். அதைப் படித்தவர் தினமும் தப்பை மனப்பாடம் செய்கிறார். அத்தோடு "ஹ"வை விழுங்கும் பழக்கமும், ல-ள குழப்பமும் சேர்ந்தால் இன்னும் மோசம்: "ஹாலு" பால், "ஹாளு" பாழ்.

கன்னடத்தில் 49 எழுத்துகள். வரிசை நமக்குத் தெரிந்ததுதான்: க-வுக்கும் ங-வுக்கும் நடுவில் மூன்று கூடுதல், இப்படியே ஒவ்வொரு வர்க்கத்திலும். எ, ஏ, ஒ, ஓ குறில் நெடில் நம்மைப் போலவே உண்டு. பத்து மூச்சொலி எழுத்துகளைப் பார்த்து அடையாளம் கண்டால் போதும். சாதாரணப் பேச்சில் பலர் அவற்றை அழுத்திச் சொல்வதில்லை. தினம் கால் மணி நேரம் ஒதுக்கினால் நாலு வாரத்தில் தட்டுத் தடுமாறிப் படிக்கலாம்.

தலைகட்டு (எழுத்தின் மேல் வரும் கோடு) போட்டு ஒவ்வொரு எழுத்தையும் நாற்பது தடவை எழுதிப் பழகுவதுதான் இங்கே சலிப்பைக் கொண்டுவருவது. எழுதவே வேண்டாம், போர்டு படியுங்கள். 2024இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி கடைப் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும். அந்தப் போர்டுகளில் பாதி இங்கிலீஷ் சொற்கள்தான், எழுத்து மட்டும் கன்னடம்: பேக்கரி, மெடிக்கல்ஸ், டைலர்ஸ், மொபைல்ஸ். பொருள் ஏற்கெனவே தெரியும், பக்கத்தில் இங்கிலீஷ் விடையும் இருக்கிறது. பஸ் போர்டும் அப்படியே. 500டி என்றால் ஹெப்பாளுக்கும் சில்க் போர்டுக்கும் நடுவில் ஓடுவது, 335இ மெஜஸ்டிக்கிலிருந்து காடுகோடி போவது என்று தெரிந்தவருக்கு, முன்னால் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் தானாகப் படிய வரும்.

சிக்கல் வரும் இடங்கள் மூன்று. ப, வ, ம, ஷ நான்கும் ஒரே சாயலில் இருக்கும். தனித்தனியாகக் கற்காமல் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஙகர, ஞகர, நகர மெய்களுக்கெல்லாம் பதிலாக ஒரு சின்ன வட்டம் வரும், "பெங்களூரு" போர்டிலேயே அதைப் பார்க்கலாம். பூஜ்யம் என்று நினைத்துத் திகைக்க வேண்டாம். மூன்றாவது, ஒத்தக்ஷரம், அதாவது மெய்யோடு சேரும் அடுத்த மெய் எழுத்தின் காலடியில் தொங்குவது. அம்ம, அக்க, அண்ண போன்ற இரட்டிப்பில் தொடங்குங்கள். "ர்" மட்டும் அர்காவொத்து என்ற கொக்கியாக அடுத்த எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் பள்ளிக்குப் போகும் குழந்தை இருந்தால் வேலை எளிது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் கர்நாடகப் பள்ளிகளில் கன்னடத்தைக் கட்டாயம் ஆக்கியது. அதனால் சிபிஎஸ்இ பள்ளியானாலும் கன்னடப் புத்தகம் வீட்டுக்கு வந்துவிடும். குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று உட்காராமல், குழந்தையிடம் கேட்டுப் படியுங்கள். அவர்கள் இரக்கமில்லாமல் திருத்துவார்கள்.

விட்டுப்போகும் நாட்கள்

வேலை, காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று நாட்கள் விட்டுப்போகத்தான் செய்யும். தொடர்ச்சியாக இத்தனை நாள் என்று கணக்கு வைக்கும் ஆப்களின் கெடுதல் என்னவென்றால், ஒரு நாள் அறுந்ததும் மொத்தத்தையும் விட்டுவிடத் தோன்றும். அதைவிடக் காலண்டரில் வேறு கணக்கு எழுதுங்கள்: தமிழுக்கோ இங்கிலீஷுக்கோ மாறாமல் முழுதாகக் கன்னடத்தில் முடித்த பேச்சு அன்று எத்தனை. பால் பூத்தில் "எரடு நீலி பாக்கெட் கொடி" என்று மட்டும் சொல்லியிருந்தாலும் ஒரு கோடு. மோசமான நாளுக்கு அந்த ஒரு கோடு போதும். ஒரு நாள் விட்டால் கவலையில்லை. இரண்டு நாள் சேர்ந்து விடுவதைத் தவிர்க்கப் பாருங்கள்.

சொற்களுக்கு அட்டை வைத்துக்கொள்வதானால் நாளைக்கு ஆறு புதிது போதும். படித்தது முதல் நாளிலேயே பெருமளவு மறந்துபோகும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன் மேலேயே சோதித்து 1885இல் வெளியிட்டார். அதனால் புது அட்டையை அடுத்த நாள், பிறகு மூன்றாவது, ஏழாவது, பதினைந்தாவது, முப்பதாவது நாள் திரும்பப் பாருங்கள். அட்டையில் தனிச் சொல் வேண்டாம். ஒரு பக்கம் பேச்சுத் தமிழில் வாக்கியம், மறுபக்கம் கன்னட வாக்கியம். நூற்றிருபது அட்டைகள் சேர்ந்தபின் பழையதைப் பார்க்கவே நேரம் பற்றாது. அப்போது புதியதை நிறுத்துங்கள், பழையதை நிறுத்தாதீர்கள். எல்லாரும் இதற்கு நேர்மாறாகத்தான் செய்கிறார்கள்.

கேட்பதற்கு டிவி செய்தி நல்ல தேர்வு இல்லை. அதில் வருவது "ஹோகுத்தேனெ", "மாடுவுதில்ல" என்ற எழுத்து நடை. தெருவில் "ஹோக்தீனி", "மாடல்ல". நம் "செய்கிறேன்", "செய்றேன்" போலத்தான் இந்த இடைவெளியும். பேச்சு நடை கைவந்தபின் எழுத்து நடைக்குப் போவது சுலபம், திருப்பிப் போனால் கஷ்டம். தொடக்கத்தில் ஐபிஎல் கன்னட வர்ணனை கேளுங்கள். என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது, சொற்களும் திரும்பத் திரும்ப வரும். சமையல் செய்துகொண்டே 101.3 ரெயின்போ எஃப்எம் வைக்கலாம்.

கணவன் மனைவி இருவரும் கற்பவர்களாக இருந்தால் வீட்டில் கன்னடம் மட்டும் என்று சபதம் எடுக்காதீர்கள். ஒருவர் தப்பை மற்றவர் உறுதிப்படுத்துவார், தவிர சண்டைக்கு நடுவில் வினைமுற்று தேட முடியாது. அடுப்படிச் சொற்களும் எண்களும் வீட்டுக்குப் போதும். ஆபீஸில் கன்னடம் பேசும் ஒரு நண்பரோடு டீ நேரத்தில் பத்து நிமிஷம் ஒப்பந்தம் செய்துகொள்வது பலன் தரும். ஆனால் எல்லாத் தப்பையும் திருத்தச் சொல்லாதீர்கள், வாய் அடைத்துப்போகும். இந்த வாரம் இறந்தகாலம் மட்டும், அடுத்த வாரம் "ஹ" மட்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ் வாடை அடிக்கிறது என்று யாராவது கிண்டல் செய்வார்கள். காவிரி பேச்சு எழும் நாட்களில் வாயைத் திறக்கவே தயங்குகிறவர்களும் உண்டு. 1983க்கான ஞானபீட விருதைக் கன்னடத்துக்காகப் பெற்ற மாஸ்தி வெங்கடேச அய்யங்காரின் தாய்மொழி தமிழ். கன்னட நாடகத்தைப் பேச்சு மொழிக்குக் கொண்டுவந்த டி.பி. கைலாசத்தின் வீட்டு மொழியும் தமிழ்தான். இதை யாரிடமும் வாதத்துக்கு எடுத்துப் போக வேண்டாம், நாம் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

ஆறேழு மாதம் ஆனபின் கொஞ்சம் நீளமான பேச்சு தேவைப்படும். கன்னடப் பஞ்சாங்கக் கார்த்திக மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையையொட்டி பசவனகுடியில் நடக்கும் கடலெகாயி பரிஷெக்குப் (நிலக்கடலைத் திருவிழாவுக்கு) போனால் நாள் முழுக்க விற்பவர்களோடு வாயாடலாம். ஜே.பி. நகர் ரங்க சங்கராவில் கன்னட நாடகம் பார்க்கலாம், முன் வரிசையில் உட்கார்ந்தால் உதட்டசைவும் உதவும். பேப்பரில் தலையங்கத்தைத் தொடாமல் பெங்களூர்ப் பக்கத்தையும் சினிமாப் பக்கத்தையும் மட்டும் படியுங்கள்.

கேட்டில் தொங்கும் "மனெ பாடிகெகெ இதெ" போர்டைப் பார்த்து (வாடகைதான் பாடிகெ ஆகியிருக்கிறது) வீட்டு ஓனருக்குப் போன் செய்து விவரம் கேட்பது இன்னும் கடினமான பரீட்சை, ஏனென்றால் போனில் கை ஜாடை கிடையாது. எந்த மாடி, தண்ணீர் காவேரியா போரா, பார்க்கிங் உண்டா என்று மூன்று கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். அட்வான்ஸ் தொகையை மட்டும் இங்கிலீஷிலும் ஒருமுறை சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். எப்பத்து ஸாவிரத்துக்கும் எம்பத்து ஸாவிரத்துக்கும் போனில் வித்தியாசம் கேட்காது.